அடக்கவிலையில் அடங்குவது எது? – எட்ரூரியா மட்பாண்டத் தொழிற்சாலையின் 1772ஆம் ஆண்டுக் கணக்கும் மேற்செலவு பற்றிய விவாதமும்

ஆய்வுச்சுருக்கம்

உற்பத்தித் தொழிலில் ஒரு பண்டத்தின் அடக்கவிலை என்பது அப்பண்டத்திற்குள்ளேயே உறைந்திருக்கும் ஒரே தொகை என்ற எண்ணம் வணிகவியல் பாடநூல்களில் ஊன்றிப்போயுள்ளது. இக்கட்டுரை அவ்வெண்ணத்தை வரலாற்றின் துணைகொண்டு மறுக்கிறது. 1772ஆம் ஆண்டுப் பணநெருக்கடியின்போது இங்கிலாந்தின் எட்ரூரியா மட்பாண்டத் தொழிற்சாலையில் ஜோசையா வெட்ஜ்வுட் மேற்கொண்ட கணக்கீடு, அதுபற்றி வரலாற்றாசிரியர்களிடையே எழுந்த கருத்து வேறுபாடு, 1887 முதல் 1936 வரை மேற்செலவு குறித்து நிகழ்ந்த விவாதம் ஆகியவற்றை முன்வைத்து, அடக்கவிலைக் கணக்கியலின் அடிப்படைக் கருத்துகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடையாகப் பிறந்தவை என்பதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அடக்கவிலை, மேற்செலவு, நிலைச் செலவு, மாறும் செலவு, வெட்ஜ்வுட், எட்ரூரியா, மேலாண்மைக் கணக்கியல்

1. சொல்லும் பொருளும்

கடைத்தெருவில் பேரம் முற்றும்போது, 'அடக்கத்துக்கே தருகிறேன்' என்று வணிகர் கூறுவது வழக்கம். வாங்கி விற்பவரைப் பொறுத்தவரை அச்சொல்லில் குழப்பமில்லை. கொள்முதல் விலை, வண்டிக்கூலி, சுமைகூலி ஆகியவை சேர்ந்தால் அடக்கவிலை. அதற்கு மேல் வருவது இலாபம். ஆனால் ஒருவர் பண்டத்தைத் தாமே செய்து விற்கும்போது நிலைமை மாறுகிறது. மண், விறகு, கூலி ஆகியவை பண்டத்தில் அடங்கும் என்பதில் ஐயமில்லை. கொட்டகையின் வாடகை அடங்குமா? மேற்பார்வையாளரின் சம்பளம்? வேலையின்றி நின்ற நாள்களின் செலவு? கடன் வட்டி? தமிழில் வழங்கும் 'அடக்கவிலை' என்னும் சொல், எது அடங்கும் என்ற இவ்வினாவைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பது கருதத்தக்கது. இத்துறையின் இரு நூற்றாண்டு வரலாற்றைப் பெரும்பாலும் அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறு எனலாம்.

சிக்கலைத் தெளிவாக்க ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சாடி செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் வாடகை, நிலையான சம்பளம், காப்பீடு ஆகியவற்றுக்கு மாதம் 60,000 ரூபாய் செலவாகிறது. ஒரு சாடி செய்தாலும் ஆயிரம் சாடி செய்தாலும் இத்தொகை மாறாது. இது நிலைச் செலவு. சாடி ஒன்றுக்கு மண், பூச்சு, எரிபொருள், துண்டுக்கூலி எனச் செலவாகும் 40 ரூபாய் மாறும் செலவு. மாதம் 1,000 சாடிகள் செய்தால் ஒன்றின் அடக்கவிலை 100 ரூபாய். சந்தை மந்தமாகி 500 சாடிகள் மட்டுமே செய்தால் அதே சாடியின் அடக்கவிலை 160 ரூபாய். மண்ணிலும் மாற்றமில்லை, வேலைத்திறனிலும் மாற்றமில்லை. விற்பனை விலை 130 ரூபாய் எனில், முதல் மாதம் இலாபம் தந்த சாடி இரண்டாம் மாதம் நட்டப் பொருளாகத் தோன்றுகிறது.

இந்நிலையில் உரிமையாளர் 'கட்டுப்படியாகவில்லை' என்று விலையை 170 ரூபாயாக உயர்த்தி, அதனால் விற்பனை 300 சாடிகளாகச் சரிந்தால் அடக்கவிலை 240 ரூபாயாகிறது. வெளியூர் வணிகர் ஒருவர் சாடி ஒன்றுக்கு 90 ரூபாய் வீதம் கூடுதலாக 200 சாடிகள் கேட்டால், 160 ரூபாய் அடக்கத்தை நம்பும் உரிமையாளர் மறுத்துவிடுவார். எப்படியும் நடந்தே தீரும் நிலைச் செலவை ஈடுகட்ட அவ்வாணை 10,000 ரூபாய் தந்திருக்கும் என்பது அவருடைய கணக்கில் தெரிவதில்லை. கணக்கில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. தொழிற்கூடம் மட்டும் மூடப்படுகிறது. இப்பொறியை நடைமுறையில் எதிர்கொண்டு, எழுத்திலும் பதிவு செய்த தொடக்ககால உற்பத்தியாளருள் ஒருவர் ஜோசையா வெட்ஜ்வுட்.

2. நெருக்கடிக்கு முன் எட்ரூரியா

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியிலுள்ள பர்ஸ்லம் என்னும் ஊரில் 1730இல் குயவர் குடும்பத்தில் பிறந்தவர் வெட்ஜ்வுட். அவர் உருவாக்கிய பாலாடை நிறப் பாண்டங்கள் அரசியாரின் ஆதரவைப் பெற்று 'குயின்ஸ் வேர்' எனப் பெயர் பெற்றன. லிவர்பூல் வணிகரான தாமஸ் பென்ட்லியைக் கூட்டாளியாகக் கொண்டு, அலங்காரப் பாண்டங்களுக்கென அவர் அமைத்த எட்ரூரியா தொழிற்சாலை 1769 ஜூன் மாதம் தொடங்கப்பட்டது. உற்பத்தியை வெட்ஜ்வுட் எட்ரூரியாவில் கவனித்தார். இலண்டன் விற்பனையையும் அங்கு நடந்த வண்ணந்தீட்டும் வேலையையும் பென்ட்லி பார்த்துக்கொண்டார். இருவரும் தொலைவில் இருந்ததால் கடிதப் போக்குவரத்து ஓயாது நடந்தது. ஆய்வாளருக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று அக்கடிதங்களே. ஆனால் வெட்ஜ்வுட் எழுதியவை பெருமளவில் எஞ்ச, பென்ட்லி எழுதியவற்றில் மிகச் சிலவே கிடைத்துள்ளன. ஆதலால் நாம் கேட்பது ஓர் உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டுமே.

எட்ரூரியாவின் சிறப்பு வேலைப் பகுப்பு. மண் பிசைவோர், சக்கரத்தில் வனைவோர், கடைசல் எந்திரத்தில் சீராக்குவோர், அச்சில் வார்ப்போர், கைப்பிடி பொருத்துவோர், சூளை அடுக்குவோர் என ஒவ்வொருவருக்கும் தனி வேலை இருந்தது. பணியாளரை மணியடித்து அழைக்கும் முறையும், வருகை நேரத்தைக் குறிக்கும் ஏற்பாடும் நடைமுறையில் இருந்தன. தன் வீட்டு முற்றத்தில் குடும்பத்தாருடன் பாண்டம் செய்த பழைய குயவருக்கு மேற்செலவு என்று தனியே ஒன்று இருந்ததாகச் சொல்ல இயலாது. எட்ரூரியாவிலோ கட்டடம், எழுத்தர்கள், மாதிரி வடிவமைப்போர், அச்சுகள், இலண்டன் விற்பனைக்கூடம் எனப் பண்டத்தோடு நேரடியாகப் பொருத்திக் காட்ட முடியாத செலவுகள் குவிந்தன. அலங்காரக் கலசங்களுக்குப் பெரும் மோகம் நிலவிய காலத்தில் அவற்றை யாரும் எண்ணிப் பார்க்கத் தேவை எழவில்லை. செல்வர் கொடுத்த விலை எல்லாவற்றையும் மூடி மறைத்தது.

3. 1772: நெருக்கடியும் கணக்கும்

1772 ஜூன் மாதத்தில் இலண்டன் வங்கியாளர் அலெக்சாண்டர் ஃபோர்டைஸ், கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளின் விலை சரியும் எனப் பந்தயம் கட்டித் தோற்று, பிரான்சுக்குத் தப்பியோடினார். அவரைத் தொடர்ந்து இலண்டனிலும் ஸ்காட்லாந்திலும் வங்கிகள் வீழ்ந்தன. கடன் கிடைப்பது அரிதாயிற்று. அலங்காரப் பொருள்களுக்கான தேவை சுருங்கியது. எட்ரூரியாவின் கலசங்கள் விற்காமல் தேங்கின. விலையைக் குறைக்கலாமா, எவ்வளவு குறைத்தால் தாங்கும் என்பது கூட்டாளிகளின் முன் நின்ற கேள்வி. அதற்கு விடை கூற வேண்டுமெனில், ஒவ்வொரு கலசத்திற்கும் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது தெரிந்தாக வேண்டும். அது வெட்ஜ்வுட்டுக்குத் தெரியவில்லை.

1772 ஆகஸ்டில் பென்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், உற்பத்தி, விற்பனை, சேதம் ஆகிய செலவுகளை ஒவ்வொரு பண்டத்தின்மீதும் எவ்வாறு ஏற்றுவது என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டதாக அவர் தெரிவிக்கிறார். வேலைக்கூலி விகிதங்களையும் பொருள்வாரிச் செலவுகளையும் திரட்டி அவர் ஒரு பதிவேட்டை அமைத்தார். அதன் பின்னர்தான் இடர் தலைதூக்கியது. பண்டம் பண்டமாகத் தாம் கணித்த செலவுகளின் கூட்டுத்தொகையும், கணக்குப் புத்தகங்கள் காட்டிய மொத்தச் செலவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எங்கோ பணம் கசிந்துகொண்டிருந்தது. அன்றேல் எங்கோ ஒரு செலவு வகை கணிப்பில் விடுபட்டிருந்தது. தேடிப் பார்த்ததில் இரண்டும் உண்மை எனத் தெரியவந்தது.

கசிவு இலண்டனில் இருந்தது. அங்குக் கணக்குகளைக் கவனித்துவந்த எழுத்தர் நெடுநாளாகப் பணத்தைக் கையாடியிருந்தார். அதன்பின் வாரந்தோறும் கணக்கு அனுப்பப்பட வேண்டும் என்ற விதி வந்தது. கலசத்தின் விலையை அறியத் தொடங்கிய கணக்கு, மனிதரைக் கண்காணிக்கும் கருவியாக முடிந்தது தற்செயலன்று. இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

விடுபட்ட செலவு வகையே கோட்பாட்டு நோக்கில் முதன்மையானது. மாதிரி வடிவமைத்தல், அச்சுகள், வாடகை, கிடங்கு, எழுத்தர் சம்பளம் போன்றவை, பண்டங்கள் மிகுதியாகச் செய்யப்பட்டாலும் குறைவாகச் செய்யப்பட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவில் நடந்துகொண்டிருப்பதை அவர் கண்டார். எனவே, உற்பத்தியைப் பெருக்கினால் ஒவ்வொரு கலசத்தின்மீதும் விழும் சுமை குறையும் என்ற முடிவுக்கு வந்தார். நிலைச் செலவு, மாறும் செலவு என்று இன்று முதலாண்டு மாணவர் மனனம் செய்யும் வேறுபாடு இதுவே. அவ்வாறான பெயர்கள் அவரிடம் இல்லை, வேறுபாடு இருந்தது.

அதே கடிதத்தில் சந்தையைப் பற்றிய கணிப்பும் உண்டு. பெருங்குடியினர் இக்கலசங்களைத் தம் மாளிகைகளில் போதிய காலம் வைத்துவிட்டனர். அவற்றைக் கண்டு வியந்த நடுத்தரக் குடியினரின் எண்ணிக்கையோ மிகப் பெரிது. விலையைக் குறைத்தால் அவர்கள் வாங்குவர் என்பது அவருடைய எண்ணம். இவ்விரு சிந்தனைகளும் ஒரே கடிதத்தில் இடம்பெறுவதைப் பலர் போதிய அளவு கவனிப்பதில்லை. நிலைச் செலவு பற்றிய அறிவு தனித்து நின்றால் பயனற்றது. விலை குறைந்தால் எத்தனை பேர் வாங்குவர் என்ற மதிப்பீட்டோடு சேரும்போதே அது முடிவெடுக்க உதவுகிறது. செலவும் அளவும் இலாபமும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவைப் பிற்காலத்தார் தனிப் பாடமாக்கினர். எட்ரூரியாவில் அது தேங்கிய சரக்கைக் கரைக்கும் வழியாக இருந்தது.

4. கணக்கு கண்டறிந்ததா, உருவாக்கியதா?

எட்ரூரியாக் கணக்கை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் நீல் மெக்கென்ட்ரிக். அதற்கு முன், 1965இல் வெளிவந்த தம் நூலில் சிட்னி பொலார்ட், தொழிற்புரட்சிக் கால முதலாளிகள் கணக்கை நிர்வாக முடிவுகளுக்கு வழிகாட்டியாகப் பெரிதும் பயன்படுத்தவில்லை என்று வாதிட்டிருந்தார். 1970இல் மெக்கென்ட்ரிக் எழுதிய கட்டுரை, வெட்ஜ்வுட்டை அக்கருத்துக்கு ஒரு மறுப்பாக நிறுத்தியது. நெருக்கடியைக் கணக்கின் துணையால் கடந்த ஒரு முதலாளியின் சித்திரம் அதில் கிடைக்கிறது.

1987இல் ஆண்டனி ஹாப்வுட் இச்சான்றுகளை வேறு கோணத்தில் படித்தார். அடக்கவிலை என்னும் உண்மை கணக்கேட்டில் எங்கோ மறைந்து கிடக்க, வெட்ஜ்வுட் அதைத் தோண்டி எடுத்தார் என்று கொள்வது பொருந்தாது. முன்பில்லாத ஒன்றை அவர் பெரும் இடர்ப்பாட்டுடன் கட்டியமைத்தார். அவ்வாறு கட்டப்பட்டதும் அது நிறுவனத்தின் உட்புறத்தைப் புதிய வெளிச்சத்தில் காட்டி, நிறுவனத்தையே மாற்றத் தொடங்கியது என்பது அவர் வாதம். விலை முடிவுக்காகத் தொடங்கிய கணக்கு எழுத்தரின் கையாடலை வெளிப்படுத்தியதும், பின்னர் வாரக் கணக்கு என்னும் ஒழுங்கைப் பிறப்பித்ததும் இவ்வாதத்திற்கு வலுச் சேர்ப்பன.

இவ்விரு கருத்துகளுள் ஹாப்வுட்டின் வாசிப்பே சான்றுகளோடு மிகுதியும் ஒத்துப்போகிறது எனக் கருதுகிறேன். அச்சுகளின் செலவை எத்தனை கலசங்களுக்குப் பங்கிடுவது என்பதற்கு மண்ணிலோ சூளையிலோ விடை இல்லை. இத்தனை கலசங்கள் விற்கும் என்று ஒருவர் முதலில் கருத வேண்டும். அதன் பின்னரே பங்கு கிடைக்கும். ஆயினும், கட்டியமைக்கப்பட்டது என்பதால் அது கற்பனை என்றாகிவிடாது. கையாடப்பட்ட பணம் கற்பனையன்று. ஹாப்வுட்டைப் பின்பற்றியோரிடம் இந்த எச்சரிக்கை சில வேளைகளில் தளர்ந்துவிடுகிறது.

5. ஏட்டுக்குள் வந்த உற்பத்தி

வெட்ஜ்வுட்டின் கணக்கீடு நெருக்கடி வேளையில் தனியே செய்யப்பட்ட ஒன்று. அன்றாட இரட்டைப் பதிவு ஏடுகளிலிருந்தே உற்பத்திச் செலவு தெரியும் அமைப்புக்கு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நூலாலைகள் தெளிவான சான்று தருகின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லைமன் ஆலையில் 1850களில் அத்தகைய கணக்கு நடைமுறையில் இருந்ததை ஹெச். தாமஸ் ஜான்சன் 1972இல் விளக்கினார். பஞ்சை வெளியில் வாங்கலாம். நூலையும் வெளியில் வாங்கலாம். ஆனால் ஒரே கூரையின் கீழ்ப் பஞ்சு நூலாகி, நூல் துணியாகும்போது இடையில் சந்தை விலை என்று ஒன்று இல்லாமல் போகிறது. அவ்விடத்தை நிரப்ப உட்கணக்கு தேவைப்பட்டது.

இரும்புப் பாதை நிறுவனங்களில் நிலைச் செலவின் பாரம் மிகப் பெரிதாக இருந்ததால், செலவுகளை வகைப்படுத்தும் சிந்தனை அங்கு விரைந்து வளர்ந்தது. பென்சில்வேனியா இரும்புப் பாதையில் பணியாற்றிய ஆண்ட்ரூ கார்னகி, 1875இல் உற்பத்தியைத் தொடங்கிய தம் எட்கர் தாம்சன் எஃகு ஆலைக்கு அப்பழக்கத்தைக் கொண்டுசென்றார். பொருள், கூலி ஆகியவற்றின் செலவை ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே காட்டும் அறிக்கைகள் அவரிடம் வந்தன. முதலீட்டுச் செலவிலும் பொது மேற்செலவிலும் அவர் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. ஆலை முழுத்திறனில் ஓடினால் அவை தாமே கரைந்துவிடும் என்பது அவருடைய வழி. மந்த காலத்தில் விலையைக் குறைத்தேனும் ஆலையை நிறுத்தாமல் ஓட்டுவது என்ற முடிவு, வெட்ஜ்வுட் கண்ட அதே உறவின்மீது நின்றது.

6. மேற்செலவு விவாதம்: 1887–1915

1887இல் எமில் கார்க், ஜான் மாங்கர் ஃபெல்ஸ் ஆகிய இருவரும் இணைந்து தொழிற்சாலைக் கணக்குகள் பற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டனர். முன்னவர் மின்பொறியாளர். உற்பத்தியின் அளவோடு சேர்ந்து மாறாத நிர்வாகச் செலவுகளைப் பண்டங்களின்மீது பங்கிட்டு ஏற்றக்கூடாது என்பது அவர்களின் நிலைப்பாடு. ஏற்றினால், செய்முறையில் எந்த மாற்றமும் இல்லாதபோதும் பண்டத்தின் அடக்கவிலை மாதத்திற்கு மாதம் ஏறி இறங்கும். அத்தகைய எண் யாருக்கும் எதையும் கற்பிக்காது. மேலே கண்ட சாடிக் கணக்கில் அடக்கவிலையை 40 ரூபாயிலேயே நிறுத்துவது அவர்கள் வழி.

இதற்கு எதிர்த்திசையில் சென்றவர் இங்கிலாந்தில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் புகழ்பெற்ற பொறியாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன் சர்ச். 1901இல் பொறியியல் இதழ் ஒன்றில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகள், மேற்செலவை முறையாகப் பங்கிட முடியும், பங்கிட்டே ஆக வேண்டும் என்று வாதிட்டன. அக்காலத் தொழிற்கூடங்களில், மொத்த மேற்செலவைக் கூலியின் இத்தனை விழுக்காடு எனக் கணித்து எல்லா வேலைகளின்மீதும் ஏற்றுவது வழக்கமாக இருந்தது. சர்ச் இதிலுள்ள அபத்தத்தை எடுத்துக்காட்டினார். மேசையருகே அமர்ந்து அரத்தால் தேய்ப்பவருக்கும், பெரும் எந்திரத்தை இயக்குபவருக்கும் ஒரே கூலி எனில், இருவரின் வேலையும் ஒரே அளவு மேற்செலவைச் சுமக்கிறது. ஆனால் பின்னவர் இடத்தையும் விசையையும் தேய்மானத்தையும் விழுங்கும் எந்திரத்தோடு நிற்பவர். அவ்வாறு கணக்கிடும் தொழிற்கூடம் எளிய வேலைகளுக்கு மிகை விலை கூறி அவற்றை இழக்கும். கடினமான வேலைகளைக் குறைந்த விலைக்குப் பிடித்து அவற்றிலேயே மூழ்கும்.

மாற்றாகச் சர்ச், ஒவ்வோர் எந்திரத்தையும் வாடகை கொடுத்துத் தனித்து நடக்கும் ஒரு சிறு கடையைப்போல் பாவித்தார். அதற்குரிய இடம், விசை, தேய்மானம், மேற்பார்வை ஆகியவற்றைத் திரட்டி மணிக்கு இவ்வளவு என்று ஒரு வீதம் கண்டார். எந்திரம் ஓடிய நேரத்திற்கு வேலை அவ்வீதத்தைச் செலுத்த வேண்டும். இன்று பாடநூல்களில் 'எந்திர மணி வீதம்' என்று ஒரு வாய்பாடாகச் சுருங்கிக் கிடப்பது, தொடக்கத்தில் ஒரு தொழிற்கூடம் ஏன் திவாலாகிறது என்பதற்கான விளக்கமாக இருந்தது.

எந்திரம் ஓடாத நேரத்தின் செலவு எங்கே போகும்? சர்ச் அதைத் துணைவீதம் ஒன்றின் வழியாக அம்மாத வேலைகளின்மீதே ஏற்றினார். 1915இல் ஹென்றி காண்ட் அமெரிக்க எந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் படித்த கட்டுரையில் இதை மறுத்தார். ஒரு பண்டம் தன்னைச் செய்யத் தேவைப்பட்ட செலவை மட்டுமே சுமக்க வேண்டும். ஓடாமல் நின்ற எந்திரத்தின் செலவு அப்பண்டத்தைச் சார்ந்ததன்று. அது தொழிலின் பொது நட்டம் என்பது அவர் வாதம். இதில் வெறும் கணக்கு நுட்பம் மட்டும் இல்லை. பண்டத்தின்மீது ஏற்றப்பட்ட வெற்றுநேரச் செலவு, தொழிலாளியின் திறமைக் குறைவாகத் தோற்றமளிக்கும். தனியே பிரித்துக் காட்டப்பட்டால், எந்திரத்தை வாங்கிப்போட்டு வேலை தேடித் தராத நிர்வாகத்தின் குறையாக அது தெரியும். எது எதில் அடங்கும் என்ற முடிவு, யார் பொறுப்பு என்ற முடிவாகவும் ஆகிவிடுகிறது. எட்ரூரியாவில் கலசக் கணக்கு எழுத்தர் கணக்கானதை ஈண்டு நினைவுகூரலாம்.

7. கேட்பவர் யார்?

முதல் உலகப் போர் இவ்விவாதத்தில் புதிய கேள்வியாளர் ஒருவரைக் கொணர்ந்தது. அடக்கவிலைக்கு மேல் குறித்த இலாபம் என்ற முறையில் படைத்தளவாடம் வாங்கிய அரசுகள், அடக்கவிலையில் எது சேரும் என்று கேட்டன. தரும் தொகை முழுவதையும் மீளப் பெற விரும்பிய உற்பத்தியாளருக்கு, கார்க்–ஃபெல்ஸ் வழி அங்கே உதவாது. போர் முடிந்ததும் 1919இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அடக்கவிலைக் கணக்காளர்களின் அமைப்புகள் தோன்றின. இந்தியாவில் இத்தகைய நிறுவனம் 1944இல் தோன்றி, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்ட ஏற்பு பெற்றது. 1965ஆம் ஆண்டு நிறுமச் சட்டத் திருத்தம் குறித்த தொழில்களில் செலவுப் பதிவேடுகளையும் செலவுத் தணிக்கையையும் சட்டத்திற்குள் கொண்டுவந்தது. விலைக் கட்டுப்பாட்டுக் காலத்து இந்திய அரசின் கேள்வி, 1772இல் வெட்ஜ்வுட் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வியன்று.

இக்குழப்பத்தை நேர்ப்பட எதிர்கொண்டவர் பொருளியலாளர் ஜான் மாரிஸ் கிளார்க். மேற்செலவின் பொருளியல் பற்றி 1923இல் அவர் வெளியிட்ட நூல், வெவ்வேறு நோக்கங்களுக்கு வெவ்வேறு அடக்கவிலைகளே பொருந்தும் என நிறுவியது. ஒரு கூடுதல் ஆணையை ஏற்பதா, ஒரு பிரிவை மூடுவதா, நீண்டகால விலை என்ன என்னும் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் அடங்கும் செலவுகள் வேறுபடும். அதே காலத்தில் ஜி. சார்ட்டர் ஹாரிசன் வளர்த்த தரநிலை அடக்கவிலை முறை, நடந்த செலவைவிட நடந்திருக்க வேண்டிய செலவை முன்னிறுத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராயும் வழியைப் பரப்பியது.

1936இல் ஜோனதன் ஹாரிஸ், சென்ற மாதம் நாம் ஈட்டியது என்ன என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு எழுதிய கட்டுரை, பழைய புண்ணை மீண்டும் திறந்தது. விற்பனை உயர்ந்த மாதத்தில் இலாபம் குறைந்ததைக் கண்டு திகைக்கும் நிர்வாகியின் நிலையிலிருந்து அவர் தொடங்குகிறார். சாடிக் கணக்கில் இதைக் காணலாம். முதல் மாதம் 1,000 சாடிகள் செய்து 500ஐ 130 ரூபாய் வீதம் விற்றால் வரவு 65,000. விற்ற சாடிகளின் முழு அடக்கவிலை 50,000. இலாபம் 15,000 ரூபாய். இரண்டாம் மாதம் 500 மட்டும் செய்து, பழையவற்றையும் சேர்த்து 1,000 விற்றால் வரவு 1,30,000. விற்றவற்றின் அடக்கம், பழைய 500க்கு 50,000, புதிய 500க்கு 80,000, ஆக 1,30,000. விற்பனை இரட்டித்தது, இலாபம் மறைந்தது. முதல் மாதத்தின் நிலைச் செலவில் பாதி, விற்காத சாடிகளுக்குள் புகுந்து இரண்டாம் மாதத்திற்குக் கடந்து வந்ததே காரணம். மாறும் செலவை மட்டும் சாடியில் அடக்கினால் முதல் மாதம் 15,000 நட்டமும் இரண்டாம் மாதம் 30,000 இலாபமும் தெரியும். இரு மாதங்களையும் கூட்டினால் எவ்வழியிலும் 15,000தான். ஆயினும் முதல் மாத முடிவில் மேலாளருக்கு ஊக்கத்தொகை தருவதா என்று கேட்டால் இரு வழிகளும் எதிரெதிர் விடை கூறும். கிடங்கை நிரப்பி இலாபம் காட்டும் பழக்கத்தின் வேர் இங்குள்ளது.

வெளியாருக்கான நிதிநிலை அறிக்கையில் ஹாரிஸின் வழி ஏற்கப்படவில்லை. இந்தியாவின் சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம் 2, நிலையான உற்பத்தி மேற்செலவையும் சரக்கில் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் இயல்பான உற்பத்தித் திறனை அடிப்படையாகக் கொண்டே சேர்க்கச் சொல்கிறது. ஆலை வெறுமனே நின்றதால் பங்கிடப்படாது எஞ்சும் தொகை அக்காலத்தின் செலவாக எழுதப்பட வேண்டும். சர்ச் வகுத்த பங்கீடும், காண்ட் விதித்த வரம்பும் ஒரே விதியில் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

8. எட்ரூரியாவுக்குத் திரும்புதல்

1987இல் ஜான்சனும் ராபர்ட் காப்லனும் இணைந்து எழுதிய 'ரெலவன்ஸ் லாஸ்ட்' என்னும் நூல், நிர்வாக முடிவுக்காகப் பிறந்த இக்கணக்கியல் 20ஆம் நூற்றாண்டில் சரக்கிருப்பு மதிப்பீட்டின் பணியாளாகச் சுருங்கியது எனக் குற்றஞ்சாட்டியது. அதைத் தொடர்ந்து ராபின் கூப்பரும் காப்லனும் வளர்த்த செயல்வாரிச் செலவுக் கணக்கு, நிலை–மாறும் என்ற இரட்டைப் பிரிவு போதாது என்றது. சில செலவுகள் ஒவ்வோர் அலகையும், சில ஒவ்வோர் ஈட்டையும், சில ஒவ்வொரு பண்டவகையையும், சில ஆலை முழுவதையும் சார்ந்தவை என அது நான்காகப் பிரித்தது.

இக்கண்கொண்டு வெட்ஜ்வுட்டின் பட்டியலைப் படித்தால், அவர் ஒன்றாகக் குவித்தவை பிரிந்து தெரிகின்றன. கிடங்கு வாடகை ஆலை முழுவதற்கும் உரியது. அச்சும் மாதிரியும் கலசத்தின் ஒவ்வொரு வடிவத்திற்கும் உரியவை. ஒரு வடிவத்தைக் கைவிட்டால் அவற்றைப் புதுப்பிக்கும் செலவு நின்றுவிடும், வாடகை நிற்காது. சூளையோ இரண்டிலும் சேராது. பாதி நிரம்பிய சூளைக்கும் ஏறக்குறைய முழுச் சூளைக்குரிய நிலக்கரி வேண்டும். ஆனால் சூளை மூட்டாத நாளில் நிலக்கரிச் செலவு இல்லை. அது சுடுதல் ஒன்றுக்குரிய செலவு. பல வடிவங்களைச் சிறுசிறு எண்ணிக்கையில் செய்த எட்ரூரியாவில், உற்பத்தியைப் பெருக்கினால் சுமை குறையும் என்ற அவருடைய முடிவு, ஒரே வடிவத்தை மிகுதியாகச் செய்யும்போதுதான் முழுமையாகப் பொருந்தும்; புதிய வடிவங்களைச் சேர்த்துப் பெருக்கினால் அச்சுச் செலவும் உடன் பெருகும். 1772க்குப் பின் எட்ரூரியாவில் வடிவங்களின் எண்ணிக்கைக்கும் விலைகளுக்கும் இடையே இருந்த உறவை, எஞ்சியுள்ள விலைப் பதிவுகளிலிருந்து இக்கோணத்தில் ஆராய இடமுண்டு.